தண்டவாளத்தில் இறங்கிய கால்

எலும்பு முறிந்தபோது எனக்கு வலிக்கவில்லை. மலாயாவின் மூவார் டவுன் கடைத்தெருவில் மல்லாந்து கிடந்து, சைக்கிளுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் கவலைப்பட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், இடது கால் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது.

நான் ரப்பர் தோட்டத்துக் கிராணி (கணக்கு எழுதுபவன்). எங்கள் தோட்டத்தில் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். டவுனில் அந்தச் சட்டம் கிடையாது. ஆனாலும் பின்னால் ஹாரன் கேட்டதும் உடம்பு தானாக இறங்கிவிட்டது. இறங்கிய இடம், சாலையை ஒட்டி ஓடும் சின்ன ரயிலின் தண்டவாளம். ஹாரன் சத்தத்தில் எஞ்சின் வந்தது காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் இழுவைக்கட்டு (பாரம் தொங்கவிட்டு எலும்பை நேராக்கும் முறை) போட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் பேசியதை டிரஸ்சர் (காயத்துக்கு மருந்து கட்டுபவர்) தமிழில் சொன்னார்.

“புண்ணுல சீழ் வச்சிருக்கு. காய்ச்சல் எறங்கலன்னா தொடையோட எடுத்துருவாங்க.”

“எடுத்துட்டா?”

“உசுரு நிக்கும்லா.”

இதைப் படிக்கும் நீங்களும் அப்படிக் கட்டிலோடு கட்டுண்டு கிடந்தால், ஒன்று சொல்கிறேன். வலி பழகிவிடும். புரண்டு படுக்க முடியாதது பழகாது. முதுகு அரித்தால்கூட ஆளைக் கூப்பிட வேண்டும். கூரையையே பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

ஒருநாள் என் மனைவி லெட்சுமி கஞ்சி ஊட்டிக்கொண்டே, “ஏங்க, அன்னிக்கு ஹாரன் அடிச்சது நம்ம துரை காரே இல்லையாம். யாரோ தவுக்கே காராம்” என்றாள். சீன முதலாளி ஒருவரின் காருக்காகவா காலைக் கொடுத்தேன்! ஆத்திரத்தில் கோப்பையைத் தட்டிவிட்டேன்.

“எம்மேல ஏன் கோவப்படுறீங்க? எறங்கச் சொன்னது நானா?”

அவள் அழுதாள். நானும் அழுதேன். சுவர்ப்பக்கம் புரண்டு அழக்கூட வழியில்லை.

ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. கால் தப்பியது. ஆனால் குட்டையாகிவிட்டது, முழங்காலும் மடங்குவதில்லை.

இப்போது ஊன்றுகோலோடு கடைத்தெருவைக் கடக்கிறேன். ரிக்‌ஷாக்காரன் கத்துகிறான். லாரி உறுமுகிறது. ஓடி ஒதுங்கச் சொல்லி மனசு பதறுகிறது. கால் கேட்பதில்லை. எல்லோரையும் நடுச்சாலையில் நிறுத்தி வைத்துவிட்டு, அது தன் நேரத்துக்குத்தான் வருகிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பிடித்தும் இருக்கிறது.