சந்தனம் அடைத்த மோட்டார்

1989 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, தூறல் மட்டும் மிச்சமிருந்தது. ஊரே கிரிவலம் வரும் மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. அந்த நேரத்தில்தான் வேங்கிக்காலில் அத்தை வீட்டு வாசலில் ஒரு டெம்போ நின்று, அதிலிருந்து பழைய படகு மோட்டார் ஒன்று இறங்கியது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவருடைய கணவர், என் மாமா, அந்த வருஷம் ஓர் ஏரியின் மீன் குத்தகையை எடுத்திருந்தார். ஏரி நிரம்பிக் கிடந்தது. துடுப்பு போட்டுப் போய் வலை இழுப்பதைவிடப் படகில் மோட்டார் வைத்தால் இரண்டு ஆள் கூலி மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. அதற்காக அத்தையின் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. தை மாதத்துக்குள் மீட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அத்தைக்குப் பிறந்த வீட்டில் போட்டது அந்த ஒரு சங்கிலிதான்.

எங்கள் ஊரில் கடலும் இல்லை, ஆறும் பக்கத்தில் இல்லை. படகு மோட்டாரை நேரில் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது. அரை மணி நேரத்தில் நாற்பது பேராவது கூடிவிட்டார்கள். மாமா மோட்டாரை டிராக்டர் டிரெய்லரின் பின்பலகையில் பொருத்தி, கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தார். அது அலறிக்கொண்டு எழுந்தது. கீழே மூன்று இறக்கையும் வெறுங்காற்றில் சுழன்றன.

“யோவ், மலையச் சுத்தி படகு வுடப் போறியா?” என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

“ஏறிக்கோ, அஞ்சு ரூபா டிக்கெட்டு” என்றார் மாமா.

“தண்ணி இல்லாமயே இந்தச் சுத்து சுத்துதே, தண்ணில வுட்டா எங்க போயி நிக்குமோ!”

அந்த வார்த்தை மாமாவுக்கு இனித்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினார். தாமதமாக வந்தவர்களுக்காக ஒரு தடவை. டீக்கடைக்காரருக்காக ஒரு தடவை. நான் கெஞ்சியதற்காக ஒரு தடவை. மொத்தம் நான்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குக் குறையாது.

பிறகு அத்தை குளித்துவிட்டுப் பூஜைத் தட்டோடு வந்தார். புதிதாக வந்த எதற்கும் பொட்டு வைக்காமல் அவர் விட்டதில்லை. சைக்கிள், தையல் மெஷின், மிக்ஸி எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார். மோட்டாரின் நெற்றியில் ஒன்று, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. பின்புறம் தொப்புள் மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதைச் சும்மா விட மனமில்லாமல், சந்தனத்தை நன்றாகக் குழைத்து அதன்மேலும் ஒன்று வைத்து நடுவில் குங்குமம் இட்டார். மாமா சிரித்துக்கொண்டு பார்த்தபடிதான் இருந்தார்.

பத்தரை மணிக்கு ஏரியில் இறக்கினார்கள். நானும் அத்தையும் கரையில் நின்றோம். படகு வேகமாகத்தான் போனது. அத்தை பூஜைத் தட்டைக் கரையில் வைத்து, பெரிய கற்பூரக் கட்டியாக ஏற்றிக் கும்பிட்டார். ஏரியின் நடுவுக்குப் போகும் முன்பே சத்தம் மாறியது. தொண்டை கட்டினவன் பேசுவதுபோல் முனகி, புகைந்து, சட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. தொட்டுப் பார்த்த மாமா விரலைச் சுட்டுக்கொண்டார்.

மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்ததும் அவர் மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காய்ந்து இறுகிப்போன சந்தனம் கண்ணில் பட்டது.

“பாருடி, பாரு! தண்ணி வர்ற ஓட்டைய அடைச்சி வெச்சிருக்க. சூடு ஏறாம என்ன பண்ணும்? மூணு பவுனையும் நீயே முழுங்கிட்ட.”

அத்தை தட்டில் இருந்த கற்பூரத்தை ஊதி அணைத்தார். எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மோட்டாரைச் சாக்கில் கட்டிக்கொண்டு மாமா பாண்டிச்சேரிக்குப் போனார். துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே மோட்டாரை விற்றவரே மெக்கானிக். மாமா சந்தனக் கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“அந்த ஓட்டை தண்ணி மேல ஏறுதான்னு நாம பாக்கறதுக்குங்க. அத அடைச்சதால இஞ்சின் சாவாது. ஒரு ஊசி வுட்டு குத்தினா முடிஞ்சிது.”

கீழ்ப்பகுதியைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். தண்ணீரை மேலே ஏற்றுவது அதுதானாம். ஆறு இதழில் இரண்டுதான் இருந்தன, அவையும் கருகியிருந்தன.

“தரையில வெச்சி ஓட்டினீங்களா?”

மாமா குனிந்து சாக்கை மடிக்கத் தொடங்கினார்.

“தண்ணி இல்லாம ஓட்டினா ஒரு நிமிஷத்துல இது தீஞ்சிடும், டிரம்முல தண்ணி ரொப்பி அதுல முக்கி ஓட்டுங்கன்னு வாங்கும்போதே சொன்னனே. ரெண்டு தடவ சொன்னன்.”

பிஸ்டன் இறுகிவிட்டது, செப்பனிடும் செலவுக்கு வேறு மோட்டாரே வாங்கலாம் என்றார். மாமா அதை அங்கேயே பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும் என் தோளில் கைபோட்டார்.

“மாப்ள, அந்தாளு பேசினத வூட்ல சொல்லிக்கினு இருக்காத. உங்கத்தைக்கு வருத்தம் இன்னும் ஜாஸ்தியாயிடும்.”

சரி என்றேன். அத்தைக்கு வருத்தம் வரக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

சங்கிலி ஏலத்தில் போனது. அத்தை ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. தன்னால் கெட்டது என்று நம்பியவர் எந்த வாயால் கேட்பார்? உறவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், சந்தனக் கிண்ணம் நீட்டும் இடத்தில் யாராவது ஒருவர், “அவ கையில குடுக்காதீங்க, மாப்பிள்ள நின்னுடப் போறாரு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பார். பதினைந்து வருஷம் அப்படிச் சிரித்துவிட்டு, 2004இல் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று பந்தியில் ஒருவர் அதே கதையை எடுத்தபோது, இலைக்கு அந்தப் பக்கம் இருந்த மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மற்ற யாரையும் பார்க்கவில்லை. பாண்டிச்சேரியில் அவர் யாருக்காக என் வாயை அடைத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்வதற்கு அத்தை இல்லை.

அந்தப் பாண்டிச்சேரிப் பகலில், கேட்டதெல்லாம் வாங்கித் தரும் மாமா உலகத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். அன்று அவர் எனக்காகச் செலவழித்ததை எத்தனையோ முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு பால் ஐஸுக்கு மூன்று ரூபாய். கறுப்புக் கண்ணாடி, ஆறு ரூபாய். பஸ் ஏறும் முன் முட்டை பரோட்டா, மூன்றரை ரூபாய். அவருக்கு ஆன செலவு மொத்தம் பன்னிரண்டரை ரூபாய்.