நேசபாயின் மூன்றாவது கேள்வி

நேசபாய் அக்கா எதிரே வந்தால் சபையில் பாதிப் பேருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்துவிடும். அவள் கேள்வி கேட்பாள் என்கிற பயம்தான்.

திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராதனை நடக்கிற சின்னச் சபை அது. மே மாதம் பத்து நாள் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. முன்பெல்லாம் கை தூக்கினவரெல்லாம் வாத்தியார். 2006-ல் வந்த புதுப் போதகர், பிள்ளைகளோடு பழகப்போகிற ஒவ்வொருவரையும் விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். விசாரிப்பது யார்? டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷமாக ஆபரேட்டராக இருக்கிறவள், போனில் பேசத் தெரிந்தவள் என்று நேசபாயின் தலையில் கட்டினார்கள்.

சொந்தக்காரர் அல்லாத இருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது படிவத்தின் விதி. அந்தச் சபையில் பெண் கொடுக்காதவரும் எடுக்காதவருமாக இரண்டு பேரைத் தேடுவதற்குள் பள்ளியே முடிந்துவிடும். ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து, வீங்கின காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போடுவாள். எத்தனை வருஷமாகத் தெரியும்? பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறாரா? இந்த இரண்டும் படிவத்தில் உண்டு. மூன்றாவது கேள்வி அவளாகச் சேர்த்தது.

"உங்க வீட்டுப் பிள்ளைய அவருக்க கூட ஒருநாள் முழுக்கத் தனியா விடுவியளா?"

அதுவரை நல்லவர், வல்லவர் என்று பொழிந்தவர்கள் இந்த இடத்தில் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு வேண்டியது. "பின்னே, விடாம?" என்று உடனே வந்தால் சரி. மூச்சு மட்டும் கேட்டால் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி விழுந்தவருக்குப் பிள்ளைகளின் அறை கிடையாது, சமையல் பந்தலில்தான் வேலை.

"கர்த்தரே எறங்கி வந்தாலும் இவ ரெண்டு சாட்சி கேப்பா" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்த வகுப்பிலும் பெரியவர் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் வராத அன்று அவளே போய்ப் பின்வரிசையில் உட்காருவாள். அவளுக்கு ஆர்வம் அதிகம் என்று புதுப் போதகர் நினைத்துக்கொண்டார். ஆர்வமாவது ஒன்றாவது. பதினொரு வருஷமாக அவளை ஒன்று அரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

1995-ல் நேசபாய் சபைக் கமிட்டியின் செயலாளர். அப்போது பாட்டு வகுப்பு எடுத்தவன் விஜய்குமார். ஆர்மோனியத்தில் கை வைத்தால் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொள்ளும். ஒரு ஞாயிறு மத்தியானம் சரசம்மா என்கிற பெண் கமிட்டி அறைக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாழைப்பழம் விற்கிறவள். ஒன்பது வயது மகள் அனுஷாவிடம் விஜய்குமார் நடந்துகொண்ட விதத்தை நின்றபடியே சொன்னாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

அவள் போனபின் கமிட்டி அரைமணி நேரம் பேசியது. பிள்ளையைப் பற்றி ஐந்து நிமிஷம், மிச்சமெல்லாம் கல்யாணத்தைப் பற்றி. விஜய்குமாரின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெபசிங், நேசபாயின் கூடப்பிறந்த தம்பி.

"சத்தமில்லாம வேற ஊருக்கு அனுப்பிருவோம்" என்று முடிவானது. வேறு சபைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் கொடுப்பது வழக்கம். போன இடத்தில் அதை ஆராதனையில் வாசித்துச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சபையில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான், சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். 'இவர் பக்தியும் ஒழுக்கமும் உள்ளவர், இவரை அன்போடு ஏற்றுக்கொள்ளவும்.' பேரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது செயலாளர். நேசபாய் எழுதினாள், போட்டாள். அடுத்த மாதம் தம்பி கல்யாணத்தில் பந்தி விசாரித்தாள். சரசம்மா அதற்குப் பிறகு கோயில் படி ஏறவில்லை.

இப்போது 2006 மே மாதம். பள்ளி முடிந்த மறுநாள் காலை, இன்றைக்காவது கொஞ்சம் படுக்கலாம் என்று நேசபாய் பாயை விரித்தபோது போன் அடித்தது. கல்லாறுப் பக்கம் ஒரு மலையோரச் சபையிலிருந்து சபீனா என்கிற ஞாயிறு பள்ளி டீச்சர். அவர்களுக்கும் அதே படிவம் வந்திருக்கிறது, விசாரிக்கிற முறையை நேசபாய்தான் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிக்குப் பாட்டு வாத்தியாராக ஒருவர் வேலை கேட்டிருக்கிறாராம். பேர் விஜய்குமார்.

"உங்க சபைக் கடிதம் கொண்டு வந்திருக்காரு அக்கா. நல்ல லெட்டராக்கும். இதுக்கு முன்னே மூணு சபையில இருந்திருக்காரு, பின்பக்கம் மூணு போதகர்மாரும் ஒப்பு போட்டிருக்காங்க. முன்பக்கம் உங்க கையெழுத்து. அதான் உங்ககிட்டயே கேட்டுரலாம்னு. எத்தனை வருஷமா தெரியும்?"

"பதினஞ்சு வருஷமாத் தெரியும்."

"பிள்ளைகளுக்குப் பாட்டு படிப்பிச்சிருக்காரா?"

"படிப்பிச்சிருக்கான்."

"ட்ரெயினிங்ல நீங்க ஒரு கேள்வி சொல்லித்தந்தீங்கல்லே, அதையும் கேட்டுரட்டா? உங்க வீட்டுப் பிள்ளைய அவருக்க கூட ஒருநாள் முழுக்கத் தனியா விடுவீங்களா?"

 தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், விஜய்குமார்தான் தாய்மாமன். இதைச் சொன்னால் தம்பி வீட்டு வாசல் அவளுக்கு அடைபட்டது என்று அர்த்தம். கல்யாணமாகாதவளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. எத்தனையோ பேருடைய மௌனத்தை அளந்தவள், தன் மௌனம் நீண்டுகொண்டே போவதைக் கேட்டாள். இதற்குள் பென்சில் புள்ளி விழுந்திருக்கும்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"விடமாட்டேன்" என்றாள். "நீயும் விடாண்டாம் மக்களே. அந்தக் கடிதம் பொய்."

சபீனா, "எழுதித் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே எழுதினாள்.  போதகரிடம் கொடுத்துச் சபீனாவுக்கு அனுப்புமுன் சரசம்மாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது, கொஞ்சம் மன்னிப்புக் கிடைக்கும் என்கிற ஆசைதான்.

கடையில் சரசம்மா குலையிலிருந்து பழத்தைச் சீப்புச் சீப்பாக அறுத்துக்கொண்டிருந்தாள். நேசபாயைக் கண்டதும் கத்தி நின்றது, பிறகு மறுபடியும் அறுத்தது. நேசபாய் விஷயத்தைச் சொன்னாள். கடிதத்தை நீட்டினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிங்க."

நேசபாய் வாசித்தாள். சரசம்மாவின் பேரும் பிள்ளையின் பேரும் அதில் இல்லை. '1995-ல் வந்த ஒரு புகாரை மறைத்து, கமிட்டியின் தீர்மானப்படி மேற்படி கடிதம் வழங்கப்பட்டது.'

"யாரு வழங்கினா?"

"கமிட்டி..."

"கமிட்டிக்குக் கையி உண்டா?"

நேசபாய் பையில் பேனாவைத் தேடி எடுத்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, 'புகாரை மறைத்து, நான் எழுதி, நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்' என்று எழுதினாள்.

"அனுஷா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"நர்சிங் படிக்கா. பாட்டு கேட்டா எழும்பிப் போயிருவா." சரசம்மா ஒரு சீப்பை எடுத்துக் கயிற்றில் மாட்டினாள். "எனக்க பிள்ளை பேரை எங்கயும் எழுதாண்டாம். போலீசுக்குப் போகணுமான்னு அவட்ட கேட்டுச் சொல்லுதேன், அவ சொல்லியதுதான். அந்தப் பின்பக்கம் மூணு கையெழுத்து உண்டுன்னியளே, அது எந்தெந்த ஊரு?"

"சபீனாட்ட கேட்டாத் தெரியும்."

"கேளுங்க. அங்கயும் பிள்ளைய இருந்திருக்கும்."

நேசபாய்க்கு அது அதுவரை தோன்றவே இல்லை. ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும் என்றுதான் வந்திருந்தாள். எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து சபீனாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கடைக்குள் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சரசம்மா உட்காரச் சொல்லவில்லை. நேசபாய் பழக்கூடையின் விளிம்பில் தாளை வைத்து, நின்றபடியே முதல் ஊரின் பேரை எழுதினாள்.