சமக்குறிக்கு அந்தப் பக்கத்து வீடு

நாள் முழுக்க உழைத்துவிட்டு அசந்து வருகிற ஆட்களிடம் போய் x, y என்று ஆரம்பிப்பது, அடி வாங்காமல் தப்பித்தாலே லாபம் என்கிற தொழில். தனித்தேர்வர்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு ட்யூஷன் எடுத்துத் தொண்டை கட்டிப்போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நானும் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவிக்கொண்டே எழுதிப் பாஸானவன்தான். அந்தக் கத்தலும் பேரமும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒழித்த ஆளைத் தேடுவது

அவனியாபுரத்தில் என் வகுப்புக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கரிக்கையோடு நேராக வருவார் வெல்டர் மாரி. "இன்னிக்குப் பத்துக் கணக்கு" என்பேன். "மூணு" என்பார். இழுத்துப் பிடித்து ஆறில் முடிப்போம்.

ரெண்டு சமன்பாட்டையும் கழித்து, y-யை ஒழித்து, x-ஐக் கண்டுபிடித்ததும் பேனாவை மூடிவிடுவார். "y எங்கய்யா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். மனுஷன் அசரவில்லை. "இம்புட்டுப் பாடுபட்டு அதை இப்பத்தானண்ணே ஒழிச்சோம், திரும்ப எதுக்குக் கூப்பிடுறீங்க?"

எட்டு என்ன பாவம் பண்ணியது

செல்வி அக்கா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் உதவியாளர். பத்து பாஸானால் மேல் வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு நெருங்கிவிட்டது. இந்தத் தடவை விட்டால் கடைசிவரை அடுப்படிதான். கணக்கில்தான் ஏற்கெனவே ஃபெயில்.

பரீட்சைக்கு முந்தின நாள் போர்டில் எழுதினேன்: 3x + y = 11; 2x + y = 8. கழிக்கும்போது கீழ் வரி முழுக்கக் குறி மாற வேண்டும். அக்கா 2x-க்கு மைனஸ் போட்டார், y-க்கும் போட்டார். எட்டைத் தொடவே இல்லை. மூன்று வர வேண்டிய x, பத்தொன்பதாக வந்து நின்றது. தினமும் இதே தப்பு. சாக்பீஸை உடைத்து எறிந்தேன். "எட்டை மட்டும் ஏங்க்கா விடுறீங்க?"

அக்கா முகம் சுருங்கிவிட்டது. "சமக்குறிக்கு அந்தப் பக்கம் வேற வீடுல்ல தம்பி? கேக்காமக் கொள்ளாம எப்படி உள்ள போறது?"

மணி அடித்த பிறகு

மறுநாள் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் நின்றேன். முதலில் வந்த மாரி, "கழிக்கிற கணக்குத்தாண்ணே வந்துருக்கு" என்றதும் அக்கா வருகிறாரா என்று உள்ளே எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். மணி அடித்து, கூட்டமெல்லாம் கலைந்தும் அக்காவைக் காணோம். கடைசி ஆளாகக் கண் சிவந்து வந்தார். "குறி மாத்துனீங்களா?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்த விடையைக் கீழ் வரியில் போட்டுப் பார்த்தாராம். சேரவில்லையாம். மொத்தத்தையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டாராம். "டீச்சரம்மா பேப்பரைப் பிடிச்சு இழுக்குறாங்க, நான் விடலையே தம்பி. அந்த வீட்டுக்குள்ளயும் போயி மைனஸைப் போட்டுட்டுத்தான் வாரேன்!"

ரிசல்ட்டில் அக்கா நூலிழையில் பாஸ், மாரியும் பாஸ். y-யைக் கண்டுபிடித்துத்தான் எழுதினாரா என்று மட்டும் அவரிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை, என் ரத்தக் கொதிப்புக்கு அது நல்லதில்லை.