கரி சொன்ன அளவு

ஆர்டிஸ் ஹௌகனை நான் முதலில் பார்த்தது எங்கள் சமையலறையில். பண்ணை வீடுகளுக்கு கேஸ் நிரப்பும் லாரியை ஓட்டும் பெண்மணி அவர். ரசீதில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். எங்கள் வம்சத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அந்த வாரம்தான் அப்பா சுவரிலிருந்த மான் கொம்பைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் என் மெக்கானிக்கல் பட்டத்தை மாட்டியிருந்தார்.

“கொம்பைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்கீங்கன்னா பெரிய வேட்டையாத்தான் இருக்கணும். எத்தனை குண்டு செலவாச்சு, பட்டதாரி?” என்றார்.

அன்றிலிருந்து அவர் வாயில் எனக்கு அதுதான் பெயர்.

மொன்டானாவில் எங்கள் பக்கம் பாதிப் பேர் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிவதில்லை. மருந்தும் குண்டும் புதிதாக வைத்துத் திரும்பச் சுடுவோம். ஆர்டிஸ் கட்டிய தோட்டாவை யாரும் குறை சொன்னதில்லை.

இங்கே மூஸ் மான் சுடக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பத்தொன்பது வருஷம் விண்ணப்பம் போட்ட ஆர்டிஸுக்கு ஒருவழியாக விழுந்தது. சனிக்கிழமை சீசன் திறப்பு. வியாழன் மாலை நான் அவருடைய கராஜுக்குப் போனபோது, ஒரு வெறும் கூட்டை விளக்கடியில் திருப்பிக்கொண்டிருந்தார். அதன் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம்.

நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டினார். “தட்டுது பாரு. உள்ள பள்ளம். இன்னொரு தடவை சுட்டா இங்கயே பிச்சுக்கும். சூட்டுக் காத்து நேரா என் கண்ணுக்குத்தான்.”

சுட்டதும் கூடு உப்பிவிடும்; பிரஸ்ஸில் மாட்டிய டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தி ஒடுக்க வேண்டும். டை அளவுக்கு மீறி இறங்கியிருந்தால் கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள் பின்னுக்குப் போய்விடும். பிறகு சுடும்போதெல்லாம் இழுபட்டு அடி மெலியும்.

போன குளிர்காலம் முழுக்க அந்தப் பிரஸ்ஸை இரவல் வாங்கியிருந்த ஆர்டிஸின் அக்கா புருஷன் லைல், மூலையில் பீரோடு உட்கார்ந்திருந்தார்.

“லைல், டையை இறக்குனியா?”

“பெட்டித் தாள்ல போட்டபடிதான். மேல ஒரு கால் சுத்து... பத்திரத்துக்கு.”

“உன் துப்பாக்கிக்குப் பத்திரம். என் மூஞ்சிக்கு?”

“நீ பாக்காமலா மூணு தடவை ஒடுக்குன?”

ஆர்டிஸ் அப்படி மூன்று தடவை ஒடுக்கிய நாற்பது கூடுகளையும் காபி டப்பாவில் கொட்டி மூடினார். “ஆமா. அது என் தப்பு.”

கடையில் அந்த ரகத் தோட்டா தீர்ந்துவிட்டது. லைல் தன் துப்பாக்கியைத் தருவதாகச் சொன்னார்.

“பத்தொன்பது வருஷம் காத்திருந்தது உன் துப்பாக்கியால சுடவா? போய்யா.”

இழுப்பறையில் போன இலையுதிர் காலத்தில் ஒரே முறை சுட்டு, இன்னும் ஒடுக்காமல் வைத்த பன்னிரண்டு கூடுகள் கிடந்தன. டையை ஒரு சுற்று மேலேற்றினார். மெழுகுவத்திச் சுடரில் ஒரு கூட்டின் கழுத்தைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, லேசாக எண்ணெய் தடவி அழுத்தினார். டை உரசிக் கரி பாதிக் கழுத்துவரைதான் அழிந்திருந்தது. டையைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி அழுத்தினார். கரி அழிந்த தடம் தோளை நெருங்கியதும் வெறும் கூட்டைத் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தார். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடவில்லை. ஒரு மயிரிழை இறக்கினார், முரண்டுபிடித்து மூடியது. இன்னொரு மயிரிழை. விரலுக்கு மட்டும் தெரிகிற சின்ன அழுத்தத்தோடு மூடிக்கொண்டது.

“இவ்வளவுதான். நீ அளந்துக்கோ, பட்டதாரி.”

அளந்தேன். லைல் வைத்திருந்த அளவுக்கும் இதற்கும் தாள் கனம்தான் வித்தியாசம். ஆர்டிஸின் விரல் அதைச் சரியாகப் பிடித்திருந்தது. டையை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டை முறுக்கி, சிவப்பு நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு போட்டார். “இந்தக் கோடு நகர்ந்திருந்தா அக்காகிட்டயே சொல்லிடுவேன், லைல்.”

சீசனின் மூன்றாம் நாள் ஓடைக்கரைப் புதரில் ஒரே குண்டு. கூடப் போன லைல் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்: “அவ்வளவு பெரிய மான் விழுந்து கெடக்கு. இவ கூட்டைப் பொறுக்கிக் கம்பியை விட்டுக்கிட்டு நிக்கிறா!”

உள்ளே வழவழவென்று இருந்ததாம்.

ஆர்டிஸ் இப்போதும் அதே கேஸ் லாரிதான் ஓட்டுகிறார். பிரஸ்ஸில் சிவப்புக் கோடு நகரவில்லை. லைல் சொந்தமாக ஒரு டை வாங்கிவிட்டார்.