பாப்பா என்று நாங்கள் கூப்பிட்ட குழந்தை: பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெரம்பலூரிலிருந்து அரியலூர் அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தேன். தம்பி மனைவி செல்வியும், இரண்டரை வயதான அவள் மகளும் உடன் வந்தார்கள். குழந்தை இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆட்டிசமாக இருக்கலாம் என்று சந்தேகித்த பெரம்பலூர் மருத்துவர் அங்கே போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். இதே காரணத்துக்காகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை 7.10-க்கு பஸ். முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு 25 ரூபாய், குழந்தைக்கு டிக்கெட் இல்லை. வழியெல்லாம் சிமென்ட் லாரிகள்; ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கண்டக்டர் குழந்தையின் முகத்தருகே விரலைச் சொடுக்கினார்.

"மாமாவப் பாக்க மாட்டியா? ரொம்பத்தான் கிராக்கி பண்ணுது!"

குழந்தை ஜன்னல் கம்பியையே தடவிக்கொண்டிருந்தது. "தூக்கக் கலக்கம்ங்க" என்றாள் செல்வி. எழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ 80 ரூபாய். (அறுபதுக்கும் வருவார்கள் என்று திரும்பும்போதுதான் தெரிந்தது.) சீட்டு போட்டு, காது சோதனை முடித்து மருத்துவர் முன் உட்கார்ந்தபோது 11.40. காது நன்றாகவே கேட்கிறதாம்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா?" என்றார் அந்த டாக்டரம்மா.

செல்வி என்னைப் பார்த்தாள். "பேர் சொல்லியே கூப்பிடறதில்லங்க மேடம். எங்க மாமியார் பேரு. அவங்க தவறுனப்புறம் பொறந்தவ. நான் எப்படி அந்தப் பேரச் சொல்றது? எல்லாரும் பாப்பான்னுதான்."

"சரி, பாப்பான்னு கூப்பிட்டா?"

செல்வி மறுபடி என்னைப் பார்த்தாள்.

என் பங்கை இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு ஒன்றேகால் வயதிலேயே, "அண்ணி, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, விரல நீட்டி எதையும் காட்ட மாட்டேங்குறா" என்று செல்வி என்னிடம்தான் முதலில் வந்தாள். நான் எம்.எஸ்சி. படித்தவள். எதையும் எளிதில் நம்பமாட்டேன் என்று வீட்டில் மரியாதை. "தெருவுல பாதிப் புள்ளைங்க பாப்பாதான். வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு இருந்திருப்பா. போன்ல கண்டதப் படிச்சுட்டுப் பயப்படாத" என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. யாரையும் தேடாமல், செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் குழந்தை இருந்ததைச் சமத்து என்றதும் நான்தான்.

மருத்துவர் என்னைப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னார். குழந்தைக்கு வைத்த என் அம்மாவின் பேரைச் சொன்னேன். பிறகு பாப்பா என்றேன். இரண்டுக்கும் அசைவில்லை. பிஸ்கட் உறை சரசரத்ததும் சட்டென்று திரும்பினாள்.

இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஆட்டிசம்தாம்மா. வாரா வாரம் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரமா ஆரம்பிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார்.

3.15 பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் செல்வி கேட்டாள்: "அப்பவே வந்திருந்தா இந்நேரம் பேசியிருப்பாளா அண்ணி?"

தெரியாது என்பதுதான் உண்மை.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் சீட்டு போட்டுவிடுங்கள். தடுப்பூசி அட்டை, ஆதார் நகல், குழந்தைக்குச் சோறு, மாற்றுத் துணி வேண்டும். ஒரு வயதில் கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய சொற்களையும் விட்டுவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆட்டிசமாக இல்லாமலும் போகலாம். அதை மருத்துவர் சொல்லட்டும். தாய்க்குச் சந்தேகம் வந்த வாரமே கிளம்புங்கள். வீட்டில் படித்தவர் யாராவது காரணம் சொன்னால் கேட்டுக்கொண்டு நின்றுவிடாதீர்கள். நாங்கள் நின்றது பதினைந்து மாதம்.