தமிழ் தெரிந்தவருக்கு மொழிபெயர்த்தவன்

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

எங்கள் தலைவருக்குத் தமிழ் தெரியும். நகரிப் பக்கம் தமிழ் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் சித்தூர் ஆபீஸில், தமிழ் ஜனங்கள் சொல்வதைத் தெலுங்கில் சொல்ல என்னை டிரான்ஸ்லேட்டராக வைத்துக்கொண்டார். முதல் நாளே ஒரு பெரியவர் கரண்ட் ஆபீஸ்காரர்களைக் கிண்டல் செய்தார். நான் வாய் திறக்கும் முன்பே தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நானும் வெட்கமில்லாமல் சொன்னேன்.

2. கோமளா வந்த நாள்

கோமளா பவர்லூமில் வேலை செய்தவர். அவர் மகள் படித்த ஸ்கூலில் தமிழ் மீடியத்தை மூடப்போவதாகப் பேச்சு. மாவட்டக் கல்வி அதிகாரி டி.இ.ஓ.வுக்குத் தலைவர் ஒரு போன் போட்டால் மூடுவது நின்றுவிடும்.

"பொண்ணு ஒம்பதாவது முடிக்கப் போவுது சார். தெலுங்குல ஒரு எழுத்து தெரியாது. பத்தாவது முடிக்கிற வரைக்கும் வாத்தியார மாத்தாம வுடச் சொல்லுங்க."

மொழிபெயர்த்தேன். தான் கற்றுக்கொள்ளவில்லையா, அவளும் கற்றுக்கொள்ளட்டும் என்று தெலுங்கில் சொன்னார் தலைவர். அதைத் தமிழில் சொல்லப் போனேன். கோமளா என்னைக் கையமர்த்தினார்.

"நீ சொல்ல வாணாம் சார். நான் பேசுறது அவருக்குப் புரிஞ்சிக்கினுதான் கீது."

"ஏமண்டோந்தி?" என்றார் தலைவர், என்ன சொல்கிறாள் என்று.

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் முகம் கறுத்தது. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

போன் போகவில்லை. தமிழ் மீடியத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பெண் தெலுங்கு மீடியத்தில் தட்டுத்தடுமாறிக் கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். பிறகு அம்மாவோடு பவர்லூமுக்கே போய்விட்டாள்.

3. புத்தகம் எழுத வந்தவர்

நான் ரிட்டயர் ஆன பிறகு, தலைவரைப் பற்றிப் புத்தகம் எழுத திருப்பதியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தலைவருக்குத் தமிழ் என்றாலே ஏன் இத்தனை கசப்பு என்று கேட்டார்.

சொன்னேன். எல்லை பிரித்து இந்தப் பக்கம் ஆந்திராவோடு சேர்ந்த பிறகு வளர்ந்த பிள்ளை. சித்தூர் ஹாஸ்டலில் தமிழில் சோறு கேட்டால் வார்டன் வாசலில் முட்டி போட வைப்பார். எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் தட்டு வரும். "அரவோடு" என்று பையன்கள் கேலி செய்வார்கள். தமிழன் என்பதை இளப்பமாகச் சொல்லும் சொல் அது. அந்தப் பிள்ளை அதோடு வெளியில் தமிழ் பேசுவதை விட்டுவிட்டது.

இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதுதான் அவர் குணம் புரிகிறது, பாவம் என்றார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்.

"பக்கத்துல முட்டி போட்டுக்கினு இருந்தது நான்தான்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

தலைவர்களைப் பற்றி எழுத வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் பட்ட கஷ்டத்தை எழுதுங்கள், அது பொய்யில்லை. ஆனால் அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, அதைக் கோமளாவின் மகளிடம் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். தமிழிலேயே படியுங்கள், அவளுக்கு அதுதான் தெரியும்.