பில் இல்லாத பீரோ

சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது ஜெபமணி மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார் என்று அவர் மனைவி எல்சியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லோரும் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தானே வாசலில் குடை காணாமல் போகும் என்றாராம். பேர்தான் ஜெபமணி.

மராத்தி ஊரான நிக்டியில் கம்பெனி கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸில் கீழ்வீடு அவர்களுடையது, மேல்வீடு எங்களுடையது. எழுபத்தைந்தில் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில் குடிவந்தோம். என் வீட்டுக்காரர் விச்சுவுக்கு ஃபாக்டரியில் சம்பளக் கணக்குப் பிரிவு. ஜெபமணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். மெஷினிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு வால்வையும் அளந்து பார்ப்பது, தேறாவிட்டால் சிவப்புப் பெயின்ட் தீற்றி ஒதுக்குவது, இதுதான் வேலை. பகல் முழுக்கச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிற மனிதர் சாயங்காலம் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாரா? மார்க்கெட்டில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தபால் வந்தால் உறையை யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஒருத்தர் காசைத் தொட மாட்டார். ஆனால் அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நாமே எதையோ திருடிவிட்ட மாதிரி இருக்கும்.

எல்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், நாசரேத். அவள் அப்பா மோசஸ் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்கு அவர் ஊர் ஆசாரியை வைத்து ஒரு தேக்கு பீரோ செய்தார். கதவில் முட்டை வடிவக் கண்ணாடி, உள்ளே மூன்று தட்டு, கீழே ஒரு இழுப்பறை. அதை வைக்கோலும் சாக்கும் சுற்றி கூட்ஸ் வண்டியில் ஏற்றி, ஜெபமணியின் பெற்றோர் இருந்த கோர்படி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். எல்சி கல்யாணப் புடவையையும் சர்ச்சுக்குக் கட்டுகிற நாலு நல்ல புடவைகளையும் அதில்தான் வைப்பாள். திறந்தால் அப்பா வாசம் வரும் என்பாள். எனக்கு அந்துருண்டை வாசம்தான் வந்தது. இருந்தாலும் தலையாட்டிவைப்பேன்.

குவார்ட்டர்ஸில் கட்டில், மேஜை, நாற்காலி எல்லாம் கம்பெனியே போட்டிருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் கம்பெனி நம்பர் இருக்கும். நம்பர் இருந்தால் கம்பெனிச் சாமான், இல்லாவிட்டால் நம் சாமான். வருஷா வருஷம் மார்ச் மாதம் எஸ்டேட் ஆபீசிலிருந்து பாபட் என்கிற மராத்திக்காரர் ஒரு பிரம்போடு வருவார். நம்பர் போட்ட சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணிவிட்டு, குடியிருக்கிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போவார்.

எழுபத்தாறு, எமர்ஜென்சி சமயம். யாரும் வாயைத் திறக்கப் பயந்த வருஷம். அந்த வருஷம் காலனியில் ஒரு புரளி கிளம்பியது. வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிகளின் பலகையை ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமான் செய்துகொள்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டதாம். வீடு வீடாகச் சோதனை போடப் போகிறார்களாம். நம்பர் இல்லாத மரச்சாமான் இருந்தால் பில் கேட்பார்களாம்.

அப்பா மகளுக்குச் செய்துகொடுத்த பீரோவுக்கு எந்த ஊரில் பில் போடுவார்கள்? ஜெபமணிக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் எல்சி சர்ச்சுப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்காகக் கோர்படி போயிருந்த நேரத்தில், எஸ்டேட்டில் பெயின்டராக இருந்த கலியனை வீட்டுக்குக் கூப்பிட்டு, டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொடுத்து, பீரோவின் முதுகில் கம்பெனி நம்பரைப் போடச் சொல்லிவிட்டார். நம்பர் இருந்தால் எவனும் பில் கேட்க மாட்டான், அதுதான் அவர் கணக்கு. கலியன் நேர்மையான ஆள். நம்பர் போட்டால் ஆபீசில் சொல்லிப் பதிவு பண்ணியாக வேண்டும், நம்பர் வரிசையில் நடுவே ஒன்றை விட முடியாது என்றிருக்கிறான். சொல்லிக்கொள், அதுதான் நல்லது என்று இவரும் சொல்லியிருக்கிறார். பெயின்ட் காய்ந்ததும் பீரோவைப் பழையபடி சுவரோடு ஒட்டி நகர்த்திவைத்தார். எல்சியிடம் மூச்சு விடவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை.

சோதனைக்காரர்கள் வந்தார்கள். வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்கள், போனார்கள். ஒரு வீட்டிலும் பில் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், காயலான் கடையில் வாங்கிய பெட்டிப் பலகையில் நாங்கள் செய்துவைத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள்.

அதன் பிறகு மார்ச்சில் பாபட் வருகிற அன்றைக்கெல்லாம் ஜெபமணி அரைநாள் லீவு போட்டார். பாபட் எண்ணி முடிக்கும்வரை எல்சி அடுப்படியைவிட்டு நகராதபடி பார்த்துக்கொண்டார். பாபட் பீரோவையும் சேர்த்து எண்ணுவார், இவர் கையெழுத்துப் போடுவார்.

எண்பதில் அவருக்கு ஃபோர்மேன் பதவி கிடைத்தது. சம்பளம் உயர்ந்து வருமானவரி எல்லையைத் தாண்டியது. அப்போதுதான் பூதம் கிளம்பியது. கம்பெனி கொடுக்கிற வீடும் ஒருவிதச் சம்பளம்தான் என்பது சர்க்கார் சட்டம். வாங்குகிற சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை வீட்டின் மதிப்பாக வைத்து, நாம் கொடுக்கிற வாடகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள். வீட்டுக்குள் கம்பெனிச் சாமான் இருந்தால் அதன் விலையிலும் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேரும். எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து மாதச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். காலனியில் இதைத் திட்டாத வீடு கிடையாது. கையில் வராத பணத்துக்கு எதற்கு வரி என்று நானே விச்சுவிடம் சண்டை போட்டிருக்கிறேன், அவர் என்னவோ டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர் மாதிரி.

ஜெபமணி திட்டுவதோடு விடுகிறவரா? அடுத்த பிளாக் மாடசாமியும் ஃபோர்மேன்தான். அதே சம்பளம், அதே அளவு வீடு. ஆனால் மாடசாமியைவிட இவருக்கு மாதம் மூன்று ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தது. சம்பளக் கணக்குப் போடுவது யார்? மேல்வீட்டு விச்சு. போன மாதம்தான் நான் பால்கனி கழுவிய தண்ணீர் அவர்கள் துணியில் சொட்டி, இரண்டு வார்த்தை தடித்திருந்தது. அவருக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த வெள்ளைச் சட்டையோடு மாடியேறி வந்தார். பின்னாலேயே எல்சியும் பதறிக்கொண்டு வந்தாள்.

"மேல இருந்து தண்ணி ஊத்துனீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப சம்பளத்துலயும் கைய வைக்கீங்களே சார்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று ரூபாய்க்கு என் புருஷனைத் திருடன் என்கிறார். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன், விச்சு கையமர்த்திவிட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் முழுக்கக் கீழ்வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் போவதும் நின்றது, வருவதும் நின்றது.

வெள்ளிக்கிழமை விச்சு தானே கீழே இறங்கிப் போனார். நானும் கூடப் போனேன், இவர் பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று பயம். எல்சியும் ஹாலில்தான் இருந்தாள். விச்சு சாவதானமாகச் சொன்னார்: "உங்காத்துல மாடசாமி ஆத்தவிட ஒரு சாமான் ஜாஸ்தி சார். தேக்கு பீரோ, கண்ணாடிக் கதவு. காலனியிலேயே அதிக விலை அதுக்குத்தான் போட்டிருக்கா."

விலை போட்டது பாபட். பில் இல்லாத சாமான் என்பதால் வேலைப்பாட்டைப் பார்த்து அவராகவே மதிப்புப் போட்டிருந்தார். மோசஸ் வாத்தியார் கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

எல்சி சட்டென்று திரும்பினாள். உள்ளே போனாள். பீரோவை ஒற்றை ஆளாக இழுக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் எட்டிப்பார்த்தபோது அவள் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்று அந்த வெள்ளை நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமணி சிவப்புப் பெயின்ட் தீற்றி ஒதுக்கப்பட்ட வால்வு மாதிரி நின்றார்.

விச்சுவுக்குக் கோபமே வராது, எனக்கு அதுவே எரிச்சல். அன்றைக்கும் நல்லபடியாகத்தான் சொன்னார்: "பீரோ எங்களோடதுன்னு எஸ்டேட்டுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்கோ. அடுத்த மாசமே பிடிக்கறத நிறுத்திடறேன்."

நாங்கள் படியேறுவதற்குள் கீழே ஜெபமணி குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது. எழுதி வாங்கத்தான் இவ்வளவு நாடகமும், எழுதிக் கொடுத்தால் கம்பெனிப் பலகையை மறைக்க நானே நம்பர் போட்டேன் என்று ஃபோர்மேன் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்றார். எல்சியின் குரல் மட்டும் தாழவில்லை.

"எங்கப்பா குடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு என்ன பயம்?"

"சொன்னா நம்பணும்லா? நானா இருந்தா நம்ப மாட்டேன்."

மறுநாள் எல்சி பீரோவிலிருந்த தன் புடவைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியில் அடுக்கினாள். கம்பெனிப் பீரோவில் என் புடவையை எதற்கு வைக்க வேண்டும் என்றாள். பீரோவை மறுபடி சுவரோடு ஒட்டவும் விடவில்லை. நம்பர் தெரியும்படி, முதுகைக் கூடத்துக்குக் காட்டித் திருப்பி நிறுத்தினாள். சாப்பிட உட்கார்ந்தால் ஜெபமணியின் கண்ணுக்கு நேராக அதுதான் தெரியும்.

ஏழு வருஷம் அது அப்படியே காலியாக நின்றது. மார்ச் மாதம் பாபட் வருவார், தட்டுவார், ஜெபமணி கையெழுத்துப் போடுவார். மாதாமாதம் வரியும் பிடித்தார்கள். தன் பெண்டாட்டியின் பீரோவோடு குடியிருந்ததற்கு வரி கட்டிய மனிதர் இந்த தேசத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும், எல்சியின் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும். ஒருநாள் வடகம் பிழியும்போது சொன்னாள்: "வரி போனா போவுது மாமி. இவங்க ரிட்டயர் ஆகும்போது நாங்க போவோம், அது இங்கயே நிக்கும். வேற எவளோ சேலை வைப்பா."

எண்பத்தேழில் ரிட்டயர் ஆனார். கோர்படியில் ஒரு வாடகை வீடு பார்த்திருந்தார்கள். காலி பண்ணுகிற அன்று காலை டெம்போ வாசலில் நிற்க, பாபட் பிரம்போடு வந்தார். கட்டில், மேஜை, நாற்காலி என்று ஒவ்வொன்றாகத் தட்டி வந்தவர் பீரோவைத் தட்டியபோதுதான் ஜெபமணி வாயைத் திறந்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், அது மாமனார் கொடுத்தது என்று ஆரம்பித்து, புரளி, கலியன், பஜ்ஜி எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு வருஷத்தில் முதல்முறை. சொல்லி முடித்தபோது வேர்த்து ஊற்றியது. நானும் விச்சுவும் மூட்டை கட்ட உதவிக்கு வந்து அங்கேதான் நின்றிருந்தோம்.

பாபட் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பிவிட்டார். அதுதான் ஜெபமணியை நிலைகுலைய வைத்தது. முதல் வருஷமே சொல்லியிருந்தால் என் நகத்தாலேயே சுரண்டிப் போட்டிருப்பேனே என்றார் பாபட். இப்போது வருஷா வருஷம் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதை நான் எப்படி அழிப்பது என்று தலையைச் சொறிந்தார். பிறகு அவரே வழியும் சொன்னார். ரிட்டயர் ஆகிறவர்கள் தாங்கள் புழங்கிய பழைய சாமானை, தேய்மானம் கழித்த விலைக்குக் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். பீரோவுக்கு ஒரு நல்ல புடவை விலைகூட வரவில்லை.

ஜெபமணி விச்சுவைப் பார்த்தார், பாபட்டைப் பார்த்தார், மறுபடி விச்சுவைப் பார்த்தார். இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார்கள், இதில் என்ன உள்குத்து என்று அவர் கண் தேடியது எனக்கே தெரிந்தது. தன்னுடையதையே விலைக்கு வாங்குவதா என்று முனகினார்.

அதற்குள் எல்சி அடுப்படியிலிருந்து வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசு அவள் கைப்பையில் இருந்தது. கேட்ட தொகையைப் பாபட்டின் கையில் வைத்தாள். பில் என் பேருக்குப் போடுங்கள் என்றாள். முழுப் பேர் என்ன என்று அவர் கேட்டார். எல்சி, மோசஸ் வாத்தியார் மகள் என்று நிறுத்திச் சொன்னாள். பாபட் ஜெபமணியை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அவள் அதை வாங்கி ஜெபமணியின் கையில் வைத்தாள்.

"இந்தா பில்லு இருக்கு. இனி எவன் வந்து கேட்டாலும் காட்டுங்க."

ஜெபமணி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கர்ச்சீப்பால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். அவரைப் பார்த்து எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

டெம்போக்காரன் உள்ளே வந்து பீரோவை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான். எல்சி அவனை நிற்கச் சொல்லிவிட்டு, கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். கல்யாணப் புடவையை மேல்தட்டிலும் மற்றவற்றைக் கீழ்த்தட்டிலுமாக ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். வெறும் பீரோவே கனமாக இருக்கிறது அம்மா, துணியைத் தனியாகக் கொண்டுபோகலாமே என்று அவன் மராத்தியில் அலுத்துக்கொண்டான். எல்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், நிறைந்தே போகட்டும் என்றாள்.